ஜெனியின் காதுக்கு விண்டோஸ் ஏழு

மார்ச் 3, செவ்வாய்

மலையில் காலையில் பனி. கச்சிராயபாளையம் இறங்குவதற்குள் மண்டையில் வெயில். கம்ப்யூட்டர் வீடு வந்து சேர்ந்துவிட்டது. உடையவில்லை.

மலை மடத்து மருந்தகத்துப் புது சிஸ்டர் பழைய கம்பளியில் சுற்றிக் கொடுத்தார்கள். "எங்களுக்கு இத ஆன் பண்ணவே தெரியாதும்மா. எல்லாம் சிஸ்டர் ரெஜினா ஒருத்தங்கதான்." மானிட்டர் வேண்டாம் என்றேன், வீட்டு டி.வி.யில் மாட்டிக்கொள்ளலாம். கூடவே ஒரு துணிப்பை: ஒயர் நாலு, சி.டி. உறை, காதுப் பெட்டி. காதுப் பெட்டி சிஸ்டர் வைத்த பெயர். ஒரு பக்கம் கம்ப்யூட்டர், மறுபக்கம் காது மிசின், நடுவில் அந்தக் கறுப்புப் பெட்டி.

பஸ் முழுக்கக் கடுக்காய் மூட்டை. கண்டக்டர் என் மடியையே பார்த்தார்.

"இன்னாம்மா அது, சாமி செலையா?"

"கம்ப்யூட்டருங்க."

"எல்லாரும் கீழ இருந்து மேல தூக்கிக்கினு வருவாங்க. நீ மேல இருந்து கீழ எடுத்துக்கினு போற. லக்கேஜ்ல போடவா?"

"மடியிலயே வச்சிக்கிறங்க."

"புள்ளையத் தூக்கறாப்புல தூக்கிக்கினு கீற. இருக்கட்டும், இருக்கட்டும்."

ஏன் இந்தப் பாடு என்று ஒருமுறை எழுதிக்கொள்கிறேன். எழுதினால்தான் மனசு ஒரு இடத்தில் நிற்கிறது.

1. என் மகள் ஜெனிக்கு மூன்றரை வயது. பிறவியிலேயே இரண்டு காதும் மந்தம். ஒன்றரை வருடமாக சிஸ்டர் ரெஜினா கொடுத்த காது மிசின். வெளிநாட்டில் யாரோ போட்டுக் கழற்றித் தானம் செய்தது.

2. காது வளர்ந்துவிட்டதால் பொங்கலுக்கு அப்புறம் காதுக்குள் வைக்கப் புது அச்சு. அன்றிலிருந்து விசில் அடிக்கிறது. பிடுங்கி எறிகிறாள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போட்டாலே அதிசயம்.

3. கூர்மையான சத்தத்தை ஒரு படி குறைத்தால் விசில் நிற்கும். பத்து நிமிட வேலை. கம்ப்யூட்டர் ஓடினால்.

4. சிஸ்டர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவு. மதுரைப் பக்கம் தலைமை மடத்தில் படுக்கை. அடுத்த மாதமே கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. ஹார்டு டிஸ்க்.

5. சேலத்துக் காது மிசின் கடையிலும் கேட்டாயிற்று, விழுப்புரத்திலும் கேட்டாயிற்று. "இந்த மாடல் நின்னு போச்சு மேடம், இதுக்கு எங்ககிட்ட சாஃப்ட்வேர் இல்ல. புதுசு போட்டுடுங்க." புதுசு எங்களால் முடியாது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஆக, புது ஹார்டு டிஸ்க், அதில் பழைய விண்டோஸ் 7. சி.டி. உறையில் சிஸ்டரின் கையெழுத்து: '7 மட்டும். 32 பிட் மட்டும். வேறு எதிலும் ஓடாது.'

கிறிஸ்துமஸ் வரைக்கும் ஜெ. பதினொரு சொல் சொன்னாள். இப்போது 'பால்' இல்லை, 'காக்கா' இல்லை. கையை நீட்டிக் காட்டுகிறாள், அவ்வளவுதான்.


மார்ச் 4, புதன்

வெயில். ஜெ. மதியம் தூங்கினபோது கேபினட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு சிலந்தி, குடும்பத்தோடு. ஹார்டு டிஸ்க் டிக், டிக், டிக் என்று மூன்று முறை, பிறகு ஒன்றுமில்லை. சிஸ்டரிடம் மிசின் வாங்கிய மலைப் பிள்ளைகள் பதினாலு பேர் விவரமும் அதற்குள். ஜெ.யுடையதும். அழுகையே வந்துவிட்டது.

சிஸ்டருக்கு போன். குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி.

"ஸ்டெல்லா, அழாத. ஜெனியோட செட்டிங் அவ மிசினுக்குள்ளயே இருக்கு. கம்ப்யூட்டர் போனாலும் அது போகாது. நீ மாட்டின உடனே அதுல இருந்து படிச்சி எடுத்துக்கும். ஒரு படி எறக்கு. சேவ் பண்ணு. முடிஞ்சிது."

"எனக்கு வருமா சிஸ்டர்?"

"நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு. நான் தையல் டீச்சரா இருந்தவ. எனக்கே வந்துச்சே."

மனசு லேசானது. கச்சேரி ரோட்டுக் கடையில் புது ஹார்டு டிஸ்க். பெரிசாக இருக்கும் என்று நினைத்துப் பெரிய பை கொண்டு போனேன். சீட்டுக்கட்டு அளவுதான். கடைக்கார அண்ணன் முருகேசன் சிரித்தார். "செவனா? இன்னும் செவனு கேக்கற ஆளு நீ ஒருத்திதாம்மா. இல்ல, லேத்துப் பட்டறக்காரர் ஒருத்தர் கீறாரு. ரெண்டு பேரு."

ஜெ. அப்பா கரண்ட் ஆபீஸ் லைன் வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்தார். பார்த்தார். "நம்ம வூட்லயே மிசின் ஆஸ்பத்திரியா" என்றார். கோபமா கேலியா தெரியவில்லை. கை கழுவப் போய்விட்டார்.


மார்ச் 6, வெள்ளி

காலையில் ஜெ.க்கு லேசாக மூக்கு ஒழுகல். சளி காதுக்குப் போய்விடுமோ. வெந்நீர் ஆவி காட்டினேன், கத்தினாள்.

டி.வி.யில் கம்ப்யூட்டர் மாட்டியாகிவிட்டது. அத்தைக்கு சீரியல் போச்சு.

"எத்தினி நாளைக்கு இந்தப் பொட்டி?"

"ரெண்டு நாள் அத்தை."

"அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குத் தாலி கட்டிப்புடுவான். யாருக்குக் கட்டறான்னு எனக்குத் தெரியாமலே போயிடும்."

முருகேசன் அண்ணன் கொடுத்த விண்டோஸ் டி.வி.டி. போட்டேன். ஊதா திரை, பூ, அம்புக்குறி. கல்லூரி லேபில் பார்த்த அதே திரை. ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. Next. ஒத்துக்கொள்கிறேன். Next. புது டிஸ்க் தெரிகிறது. Next. ஃபைல்கள் விரிகின்றன: 12, 30, 41, 63 சதவீதம்.

63. 63. 63. ஜெ.க்குச் சோறு ஊட்டிவிட்டு வந்தேன். 63. துணி மடித்தேன். அப்புறம் ஒரு ஃபைல் படிக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் டி.வி.டி.யின் முதுகில் கீறல், பூனை பிறாண்டினது போல. துடைத்தேன். திரும்பப் போட்டேன். 63. பல் விளக்கும் பேஸ்ட் தடவித் துடைத்தால் சரியாகும் என்று ஜெ. அப்பா சொன்னார். செய்தேன். 58.

சாயங்காலம் சிலுவைப்பாதை. இயேசு மூன்றாம் முறை விழுகிற இடத்தில் ஜெ. எல்லோரோடும் முழங்காலிட்டாள், பார்த்துப் பார்த்து. ஜெபம் அவளுக்குக் கேட்கவில்லை. மிசின் என் ஹேண்ட்பேக்கில்.


மார்ச் 7, சனி

முருகேசன் அண்ணன் பென் டிரைவில் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார். இருபது நிமிடத்தில் முழுசாக ஏறிவிட்டது! வரவேற்கிறோம் என்று வந்ததும் ஜெ.யைத் தூக்கிச் சுற்றினேன். ஏன் என்று தெரியாமலே சிரித்தாள்.

கேபினட் பக்கவாட்டில் ஒட்டியிருந்த விண்டோஸ் கீ எண் பாதி அழிந்துபோயிருக்கிறது. கீ இல்லாமல் முப்பது நாள் ஓடும். எனக்குப் பத்து நிமிடம் போதும்.

சிஸ்டரின் சி.டி. போட்டேன். இது 64 பிட், நான் ஓடமாட்டேன் என்றது. உறையில் அவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறது. நான் பார்த்தேனா? பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு.

கடைக்குத் திரும்பி ஓடினேன். மூடிவிட்டார். திங்கட்கிழமைதான்.

அத்தை: "ஆச்சா?"

"இன்னும் இல்ல."

"ஆச்சுன்னு சிரிச்சியே?"


மார்ச் 9, திங்கள்

"அறுவத்திநாலுதான எல்லாம் கேக்கறாங்க. முப்பத்திரெண்ட எங்கன்னு தேடறது" என்று சொல்லிக்கொண்டே முருகேசன் அண்ணன் ஒரு மணி நேரம் தேடினார். கிடைத்தது. லேத்துப் பட்டறைக்காரருக்காக வைத்திருந்தது.

எல்லாவற்றையும் அழித்து மறுபடி. Next. ஒத்துக்கொள்கிறேன். Next. Next. இப்போது கண்ணை மூடிக்கொண்டே அழுத்துவேன். ஜெ. மடியில் உட்கார்ந்து அவளும் ஒரு முறை அழுத்தினாள்.

ஏறியது. சிஸ்டரின் சி.டி.யும் ஏறியது. காதுப் பெட்டியை மாட்டினேன். 'பெட்டி காணவில்லை.' ஒயர் மாற்றினேன். காணவில்லை. ஒயரைப் பிடித்து ஆட்டினேன். காணவில்லை. பின்பக்கம் அந்தப் பல் பல்லாக இருக்கும் அகலப் பிளக்குதான், அதே இடம்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு அப்புறம் புரிந்தது. மதர்போர்டில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி, அது செத்துப்போய் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கிறது. அந்தப் பிளக்கே அணைந்து கிடக்கிறது. கம்ப்யூட்டர் விழிக்கும்போதே வரும் நீலத் திரைக்குள் போய் ஆன் செய்தேன். பெட்டியில் பச்சை விளக்கு.

ஜெ. தூங்கிவிட்டாள். நாளை மாட்டிப் பார்க்கலாம். தோள் இரண்டும் கல்.


மார்ச் 11, புதன்

நேற்று ஜெ.க்குக் காய்ச்சல். நூறு. இன்று இல்லை. கஞ்சி, இரண்டு பிஸ்கட்.

இன்று சாஃப்ட்வேரில் ஜெ. பெயர் ஏற்றினேன். பிறந்த தேதி போட்டேன். வாங்கவில்லை. 'பிறந்த தேதி இன்றைய தேதிக்குப் பிந்தையது' என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. இரண்டு முறை, மூன்று முறை. ஓரத்தில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்தேன்: 2009, ஜனவரி ஒன்று. அந்தப் பேட்டரிதான், தேதியையும் விட்டுவிட்டது.

2009-ல் நான் ஆறாவது. கம்ப்யூட்டர் கணக்குப்படி ஜெனி என்று ஒருத்தி இன்னும் பிறக்கவே இல்லை. அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறக்காமலே இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு ஓடியது. மாதாவே, மன்னித்துவிடு. ஒரு நொடிதான்.

தேதியை மாற்றினேன். அணைத்துப் போட்டால் திரும்பவும் 2009. பொத்தான் பேட்டரி வாங்க வேண்டும்.

வாங்க: பேட்டரி, ஆரஞ்சு, ஜெ.க்கு மூக்கு மருந்து, அத்தைக்குச் சுண்ணாம்பு.


மார்ச் 13, வெள்ளி

ஆச்சு! ஆச்சு! ஆச்சு!

பேட்டரி போட்டேன். தேதி நிற்கிறது. ஜெ.யைப் பாயில் உட்காரவைத்து, கையில் மாவு உருண்டை கொடுத்து, இரண்டு மிசினையும் ஒயரில் மாட்டிக் காதில் வைத்தேன். திரையில் இரண்டு காது வந்தன. சிவப்பு வலது, நீலம் இடது. இரண்டுக்கும் கீழே டிக். ஏதோ கேட்டது, Next. ஏதோ கேட்டது, Next. படம் வந்தது. கூர்மையான சத்தத்தை ஒரு படி இறக்கினேன். சேவ்.

ஒயரைக் கழற்றி, பேட்டரி போட்டு மாட்டினேன். விசில் இல்லை. காதருகே கை கொண்டுபோனேன். இல்லை. கட்டிப்பிடித்தேன், என் தோளில் காது அழுந்தியது. இல்லை! முன்பெல்லாம் கட்டிப்பிடித்தாலே கத்தும்.

ஜெ. பிடுங்கவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு, மூன்று. அப்படியே தூங்கியும் விட்டாள்.

அத்தை: "இப்பத்தான் புள்ள சமத்தா போட்டுக்கினு கீது. இத மொதல்லயே பண்றதுக்கு இன்னா?"

ஜெ. அப்பா திரும்பிப் போய் அரைக் கிலோ அல்வா வாங்கி வந்தார்.


மார்ச் 14, சனி

வெயில். காலையில் கிரைண்டர் போட்டேன். கிரைண்டர் போட்டால் ஜெ. ஓடிவந்து கல்லைத் தொட்டுப் பார்ப்பாள், மிசின் வந்த நாளிலிருந்து. இன்று வரவில்லை. விளையாட்டு மும்முரம் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு அத்தை கையிலிருந்து சில்வர் அண்டா தவறி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மாவே எட்டிப் பார்த்தார்கள். ஜெ. பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

பின்னால் நின்று கூப்பிட்டேன். கை தட்டினேன். தட்டு தட்டினேன். மிசின் இரண்டும் காதில். பேட்டரி புதுசு.

கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். திரையில் சத்த அளவைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. நேற்று படிக்காமல் அழுத்தின அந்தக் கேள்வியை மறுபடி வரவைத்து, இந்த முறை படித்தேன். 'மிசினில் வேறு செட்டிங் இருக்கிறது. மிசினில் உள்ளதை எடுக்கவா, புதிதாகத் தொடங்கவா?' புதிதாகத் தொடங்கு என்பதில் ஏற்கெனவே புள்ளி வைத்திருக்கிறது. கீழே Next.

நான் Next அழுத்தியிருக்கிறேன். பத்து நாளாக அழுத்திய அதே Next. காது சோதனை விவரம் எதையும் போடாததால் இந்தப் பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் வைத்துவிட்டது. சத்தம் இல்லாததால் விசில் இல்லை. விசில் இல்லாததால் பிடுங்கவில்லை.

சிஸ்டர் ஒன்றரை வருடம் பார்த்துப் பார்த்து வைத்த செட்டிங். அந்த மிசினுக்குள் மட்டும் இருந்தது. உலகத்திலேயே அது ஒன்றுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. ஃப்ரிட்ஜில் அல்வா அப்படியே.


மார்ச் 15, ஞாயிறு

பூசைக்குப் போனோம். எழுந்தேற்றத்தில் சாமியார் அப்பத்தை உயர்த்த, மணி அடித்தபோது ஜெ.யையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை. பாடலுக்கு எல்லோரும் கை தட்ட, அவளும் பார்த்துத் தட்டினாள், ஒரு தட்டு பிந்தி.

வெளியே ஒரு அக்கா: "ஜெனி மிசினு கத்தறதே இல்லையே இப்பல்லாம். நல்லாயிடுச்சா ஸ்டெல்லா?"

"ஆமாக்கா."


மார்ச் 16, திங்கள்

ஜெ. அப்பாவிடம் சொன்னேன். "நீதான கம்ப்யூட்டர் படிச்சவ" என்றார். திட்டியிருக்கலாம். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம்.

பீரோவில் தேடி ஜெ.யின் பழைய காது சோதனைக் காகிதத்தை எடுத்தேன். இரண்டு வயதில் ஆஸ்பத்திரியில் எடுத்தது. அந்த எண்களைப் போட்டேன். கணக்குப் பண்ணவா என்றது. எல்லா வரியையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் ஆம் கொடுத்தேன். கோடு மலை மாதிரி ஏறியது.

மாட்டி ஆன் செய்த நொடி அப்படி ஒரு அலறல். இரண்டு மிசினையும் பிய்த்தெறிந்து கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். இழுத்தால் கடிக்கிறாள். அத்தை ஓடி வந்து, "இன்னாடி பண்ண புள்ளைய?" பேசினால் என் சத்தமும் அவளைத் தாக்கிவிடும் போல ஒரு பயம்.

சிஸ்டருக்கு போன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பேப்பரப் பாத்து நான் வைக்கவே இல்லையேம்மா. அது அழுதுகிட்டே எடுத்த டெஸ்டு. நான் அவ மூஞ்சியப் பாத்துதான் வச்சேன். ஒரு டப்பாவ ஆட்டுவேன். புருவம் எப்படிப் போகுதுன்னு பாப்பேன். அரைப் படி ஏத்துவேன். அடுத்த தடவ நீ கூட்டிட்டு வந்தா இன்னும் அரைப் படி."

"எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா சிஸ்டர்?"

"கம்ப்யூட்டர்ல இருந்துச்சே."

"எத்தன படி வரைக்கும் வந்துச்சு? ஏதாவது ஞாபகம்?"

"பதிமூணு பதினாலு இருக்கும். இல்ல வலதுக்குக் கொறச்சலா... பதினாலு பிள்ளைங்கம்மா. எனக்கு முகம்தான் நெனப்பு இருக்கு, எண்ணு இல்ல." பிறகு, "என் தப்புதான். எழுதி வச்சிருக்கணும்" என்றார்கள்.

படுத்திருக்கிறவர்களையும் அழவைத்தாயிற்று.

ஆஸ்பத்திரியில் மறு சோதனைக்குக் கேட்டேன். ஜூனில் தேதி. சோதனை எடுப்பார்களாம், பழைய மிசினைத் தொடமாட்டார்களாம்.


மார்ச் 19, வியாழன்

மேகம், மழை இல்லை. புழுக்கம்.

ஜெ.யைக் கட்டிலுக்கு அடியில் இருந்து வெளியே கொண்டுவர இரண்டு நாள் ஆனது. மிசினைப் பார்த்தாலே இரண்டு கையாலும் காதை மூடுகிறாள். கடைசியில் சத்தமே இல்லாத பழைய நிலைக்கு இறக்கி, நானே என் காதருகே வைத்துச் சிரித்துக் காட்டி, மாட்டவைத்தேன். இப்போது நாள் முழுக்கப் போட்டிருக்கிறாள். ஒன்றும் இல்லாத மிசினை.

பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். மலையில் இருந்து செல்வி, கரியாலூருக்கு மேலே ஏதோ ஊர். இடுப்பில் மகள் பொன்னி, ஐந்து வயது, இவளும் சிஸ்டரிடம் மிசின் வாங்கிய பிள்ளைதான். மருந்தகத்தில் என் விலாசம் வாங்கியிருக்கிறாள். முதல் பஸ்ஸில் இறங்கியிருக்கிறாள்.

"உங்க வூட்டுல கம்ப்யூட்டரு ஓடுதாமே அக்கா. இவ மிசினும் கத்துது. கொஞ்சம் பாத்து வுடுங்க."

"என்னால முடியாது செல்வி. நான் தொட்டா கெட்டுடும்."

"கெட்டா இன்னா, இப்ப மட்டும் நல்லாவா கீது? கழட்டிக் கழட்டி வீசறா. ஒரு வாட்டி ஆட்டுக்குட்டி வாயில போயி எடுத்தோம்."

திருப்பி அனுப்ப வாய் வரவில்லை. மாட்டினேன். அந்தக் கேள்வி வந்தது. மிசினில் உள்ளதை எடு. மூன்று முறை படித்தேன், செல்வியையும் பார்க்கச் சொன்னேன், அவளுக்குப் படிக்க வராது. அழுத்தினேன்.

சிஸ்டர் வைத்த கோடு அப்படியே வந்தது. அரைப் படியாக அரைப் படியாக ஏற்றினது தெரிகிறது, கையால் வரைந்த மாதிரி கோணல் மாணலாக. ஒரு படி இறக்கினேன். சேவ். ஏழு நிமிடம். கடிகாரம் பார்த்தேன்.

செல்வி மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏ பொன்னி" என்றாள், சும்மா, சாதாரணமாக. பொன்னி திரும்பினாள். விசில் இல்லை. அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஜெ.யின் பொம்மையைக் காட்டிக் கேட்டாள், "இது இன்னா?" என்று, வாயால்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. சும்மா நின்றேன். அத்தை உள்ளே வந்து என் முதுகில் கை வைத்தார்கள். கல்யாணம் ஆகி வந்த ஆறு வருடத்தில் முதல் தடவை.

போகும்போது செல்வி: "மத்த பிள்ளைங்கள சொல்லி அனுப்பட்டுமா அக்கா? உங்க கை நல்ல கை."

அனுப்பு என்றேன்.


மார்ச் 21, சனி

வெயில் குறைச்சல். ஜெ. அப்பா வேலைக்குப் போகவில்லை, கூடவே உட்கார்ந்தார். அவர் ஜெ.யின் முகத்தைப் பார்த்துக்கொண்டு டப்பாவை ஆட்ட வேண்டும், நான் அரைப் படி அரைப் படியாக ஏற்ற வேண்டும். சிஸ்டர் மாதிரி. அவர் டப்பாவில் துவரம்பருப்பு போட்டுக்கொண்டார்.

அரை. ஒன்றுமில்லை. ஒன்று. ஒன்றுமில்லை. ஒன்றரை, இரண்டு, இரண்டரை.

"புருவம் அசஞ்சிதா?"

"தெரியல."

"நல்லாப் பாருங்க."

"பாத்துக்கினுதான் கீறேன் ஸ்டெல்லா. எனக்கு அவ மூஞ்சி சும்மாவே அப்படித்தான் தெரியுது."

மூன்று. கண் இமை அசைந்தது என்று அவர் சொன்னார். தூசியாகவும் இருக்கலாம். மூன்றரையில் ஜெ. என் முகத்தைப் பார்த்தாள். நான்கு. இரண்டு மிசினையும் தானே கழற்றினாள், அலறவில்லை, எறியவில்லை. என் உள்ளங்கையைப் பிரித்து அதில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்.

மூன்றுக்கு இறக்கினேன். வாங்கவில்லை. இரண்டு. வாங்கவில்லை. சும்மாக் காட்டினேன். வாங்கவில்லை. பூஜ்யத்துக்கு இறக்கி அவள் காதருகே கொண்டுபோனதும் ஒரு நொடி நின்று கவனித்தாள், ஒன்றும் வரவில்லை என்று உறுதி ஆனதும் வாங்கித் தானே மாட்டிக்கொண்டாள். போய் அத்தை பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

பதிமூன்று, பதினாலு என்று சிஸ்டர் சொன்னார்கள். நான்குக்கே இது. ஒன்றரை வருடம் ஆனதாம் சிஸ்டருக்கு. அப்போது அவளுக்கு இரண்டு வயது, பயம் தெரியாது. பிள்ளையின் இந்த வயது திரும்பி வராதும்மா என்று முதல் நாளே சொன்னவர்களும் அவர்கள்தான்.

அத்தை: "வுடு. போட்டுக்கினாவது கீதே."

மாலை மருந்தகத்தில் இருந்து போன். நாளை மறுநாள் நாலு பிள்ளைகளை ஜீப்பில் அனுப்புகிறார்களாம்.

எல்லோரும் தூங்கியாயிற்று. ஜெ. தூங்கின பிறகு மிசினைக் கழற்றிக் காதுப் பெட்டியில் மாட்டி, மூன்றாவது படியில் வைத்திருக்கிறேன். அந்த இமை தூசியால் அசையவில்லை என்றால் அவளுக்குக் கேட்டது மூன்றில். சேவ் செய்தால் காலையில் கழற்றிக் கையில் கொடுப்பாள், இனி கிட்டேயே விடமாட்டாள். செய்யாவிட்டால் சமத்தாகப் போட்டுக்கொண்டு எதுவும் கேட்காமல் இருப்பாள். சேமிக்கவா என்று கேட்கிறது. ஆம் மேல் ஏற்கெனவே புள்ளி. நாளை ஒன்பது மணிக்கு எங்கள் தெரு லைனில் பராமரிப்பு, ஜெ. அப்பாதான் கரண்டை நிறுத்தப் போகிறார், அதோடு இந்தக் கேள்வியும் அணைந்துவிடும். அதுவரை கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.